குருத்தில் கை வைக்காதீர்கள்

போன ஞாயிறு ஓசூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், தளியில் நான் சுற்றிக்காட்டும், குளிர் தாங்கும் பனைகள் நிற்கும் தோட்டத்தில் ஒரு பனங்கன்றின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தார். "தம்பி, கையை எடுங்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். 12 ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில், வேறொருவர் தோட்டத்தில், நான் செய்த அதே காரியம்.

இப்படிப்பட்ட தோட்டங்களைப் பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். தொப்பி, தண்ணீர், சொல்லிவிட்டு வருவது ஆகியவை எல்லோருக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன்.

குருத்தை இழுத்துப் பார்ப்பது

குருத்தழுகல் கண்ட தென்னையில் லேசாக இழுத்தாலே குருத்து கையோடு வந்துவிடும். தென்னை வைத்திருப்பவர்கள் அறிந்த சோதனை இது. அதைக் கேள்விப்பட்டுவிட்டு, நன்றாக நிற்கும் கன்றிலும் இழுத்துப் பார்க்கிறார்கள்.

நான் இழுத்தது டிராக்கிகார்பஸ் தகில். உத்தராகண்டின் குமாவுன் மலைகளில், பனி விழும் உயரத்தில் வளரும் விசிறியிலைப் பனை. இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி 1905-இல் அதற்குப் பெயரிட்டார். தோட்டக்காரர் விதை போட்டு ஆறு ஆண்டுகள் வளர்த்து, அந்த ஐப்பசியில்தான் தொட்டியிலிருந்து தரைக்கு மாற்றியிருந்தார். பனியையே தாங்கும் மரம், என் விரலுக்கா அஞ்சும் என்று நினைத்தேன். குருத்து அரை அங்குலம் மேலே வந்தது. அடிப்பக்கம் இளநீர் வழுக்கையைப் போல வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அப்படியே உள்ளே அழுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

இந்த வகைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். பனங்குருத்து தின்றவர்களுக்கு இது தெரியும்: குருத்தை எடுத்தால் மரம் போயிற்று. தளியின் மார்கழிக் குளிர் தகிலுக்குப் பெரிதில்லை. ஆனால் நான் உண்டாக்கிய இடைவெளியில் வடகிழக்குப் பருவமழை இறங்கித் தேங்கியது. குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை பிடித்தது. தை மாதம் போனபோது நடுப்பகுதி பழுப்பேறிக் குழைந்து நாறியது. பூஞ்சைக்குத் தடவும் போர்டோ பசையைத் தடவியும் பயனில்லை. அன்றுதான் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துவரப் போனார்.

சந்தேகமிருந்தால் தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். சோதிப்பது அவர் வேலை. தெரியாமல் இழுத்துவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள். மழை படாமல் மூடி வைக்கவாவது அவருக்கு நேரம் கிடைக்கும்.

பச்சை மட்டையை வெட்டுவது

பனைக் குடும்பத்து மரங்களின் தண்டில் பட்ட காயம் மூடுவதே இல்லை. மட்டை வெட்டிய புதுக்காயத்தின் வாடைக்கு, மரத்தைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். நினைவுக்கு மட்டை வேண்டாம், ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முள்

ராபிடோபில்லம் என்ற ஊசிப் பனையின் தண்டைச் சுற்றி நீளமான கருப்பு ஊசிகள். குழந்தையின் கையை விடாதீர்கள்.

சமவெளிக்குக் கன்று கேட்பது

குளிரைத் தாங்கும் மரம் கோடையையும் தாங்கிவிடும் என்று எண்ணுகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் இருக்கும் தளியில் இரவு குளிர்ந்துவிடுகிறது. தருமபுரியின் சித்திரை இரவு அப்படியில்லை. டிராக்கிகார்பஸ் அங்கே ஏங்கி நிற்கும். சமவெளியில் பனை வேண்டும் என்றால் நம் ஈச்சையை வையுங்கள். அதன் அழகை நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கீழே கிடக்கும் விதை

டிராக்கிகார்பஸில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பல இனங்கள் அருகருகே நிற்கும் தோட்டத்தில் எந்த ஆணின் மகரந்தம் எந்தப் பெண்ணுக்குப் போனது என்று பார்த்துச் சொல்ல முடியாது. தகில் என்று எழுதி நட்டது, பத்து ஆண்டு கழித்துக் கலப்பாக நிற்கலாம். உறை கட்டி, கையால் மகரந்தம் தூவிய குலை இருக்கிறதா என்று கேட்டு, அதிலிருந்து மட்டும் வாங்குங்கள்.