கார்போகரிசியை அரைத்துப் பூசாதீர்கள்: ரெட்டினாலுக்குப் பதில் பகுச்சியால் போடும் முறை

கும்பகோணத்தில் எங்களுடையது அப்பா காலத்து நாட்டு மருந்துக் கடை. பி.ஃபார்ம் முடித்துவிட்டு கல்லாவில் உட்கார்ந்தவள் நான். முன்பெல்லாம் கார்போகரிசி கேட்டு வருகிறவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள்தான். நலங்கு மாவுக்குப் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் கட்டும்போது அதிலும் கொஞ்சம் போடச் சொல்வார்கள். இப்போது கல்லூரிப் பெண்கள் வந்து அதை மட்டும் தனியாகக் கேட்கிறார்கள். "அக்கா, ரெட்டினாலுக்கு பதிலா இதை அரைச்சுப் போடலாமாமே, கால் கிலோ குடுங்க." பொட்டலம் கட்டும் முன் அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். தோல் செல்கள் புதுப்பித்துக்கொள்கிற வேகத்தைக் கூட்டும், தோலை இறுக்கமாக வைக்கிற கொலாஜன் என்ற புரதத்தைத் தூண்டும், சுருக்கமும் கரும்புள்ளியும் மெல்லக் குறையும். தொந்தரவு என்னவென்றால், ஆரம்பத்தில் பலருக்குத் தோல் உரியும், எரியும், சிவக்கும். வெயில் பட்டால் ரெட்டினால் சிதைந்துபோகும் என்பதால் ராத்திரியில் மட்டுமே போட வேண்டும்.

இதற்கு மாற்றாகச் செடியிலிருந்து வருவது பகுச்சியால். கார்போகரிசி விதையில் இருக்கும் ஒரு பொருள். 1966-லேயே புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பிரித்தெடுத்துவிட்டார்கள். முகத்துக்கு என்று அது பிரபலமானது ரொம்பப் பின்னால். 2019-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 44 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 0.5 சதவீத பகுச்சியாலைத் தினம் இரண்டு வேளையும், இன்னொரு குழு 0.5 சதவீத ரெட்டினாலைத் தினம் ஒரு வேளையும் 12 வாரம் போட்டார்கள். சுருக்கமும் கருமையும் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தன. உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பக்கம்தான் அதிகம். 44 பேர் என்பது சின்னக் கணக்குதான். ரெட்டினால் வகை மருந்துகளுக்குப் பின்னால் பல வருட ஆய்வு இருக்கிறது, இதற்கு அவ்வளவு கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இனி அந்தக் கால் கிலோ விஷயம். விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, சிறுநீரக வடிவம், கறுப்பு, மேலே பொடிப்பொடியாகக் குழி. நகத்தால் கீறினால் லேசாகப் பிசுக்கு ஒட்டும், காரமான ஒரு வாசனை வரும். அந்த விதையில் பகுச்சியாலோடு சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. சோராலென் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது. இரண்டு மூன்று நாளில் சிவந்து, கொப்புளம் கட்டி, பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். வெண்புள்ளிக்கு இந்த விதையைச் சித்த வைத்தியத்தில் கொடுப்பதும், ஆஸ்பத்திரியில் சோராலென் கொடுத்து புற ஊதா ஒளி காட்டுவதும் இதே குணத்தை வைத்துத்தான். வைத்தியர் அளவு பார்த்துச் செய்வதை நாம் மொட்டை மாடியில் செய்யக் கூடாது.

"நலங்கு மாவுல காலங்காலமா போடுறோமே?" என்று அத்தைமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாவில் அது ஒரு சிட்டிகை, அதுவும் தேய்த்த கையோடு கழுவிவிடுகிறோம். ராத்திரி முழுக்க முகத்தில் ஊறப்போடுவதில்லை. அதிலும் சாயங்காலக் குளியலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. எலுமிச்சைச் சாற்றிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. முகத்தில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

ஆகவே வாங்க வேண்டியது சுத்திகரித்த பகுச்சியால் போட்ட சீரம், அதாவது முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தடவுகிற திரவம். அந்தப் பகுச்சியால் சோராலெனை நீக்கி எடுத்தது. லேபிளில் 'பகுச்சியால்' என்றே பெயர் இருக்க வேண்டும், 0.5 முதல் 1 சதவீதம் என்று அளவும் இருக்க வேண்டும். 'சோராலியா கோரிலிஃபோலியா விதை எண்ணெய்' (கார்போகரிசியின் அறிவியல் பெயர் அது) என்றோ, வெறும் 'பாபச்சி ஆயில்' என்றோ இருந்தால் அது வேறு சரக்கு. விலை மலிவாக இருக்கும், வைத்துவிட்டு வாருங்கள்.

முகத்தில் போடும் முன் முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் ஒரு வாரம் காலை மாலை தடவிப் பாருங்கள். மென்மையானது என்றாலும் பகுச்சியாலால் அலர்ஜி வந்தவர்களும் உண்டு. அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். முகம் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே மூன்று நான்கு சொட்டு. கழுத்தை விட்டுவிடாதீர்கள், வயசு முதலில் தெரிகிற இடம் அது. மேலே ஒரு மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி, பிறகு தினமும், பிறகு விருப்பம்போல் காலையிலும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் முகம் கழுவுகிறவர்கள் கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், வறட்சி பாதியாவது குறையும்.

தை பிறந்ததும் ஆரம்பித்தால் பங்குனிக் கடைசியில்தான் வித்தியாசம் தெரியும். தினமும் கண்ணாடி பார்த்துப் பிரயோஜனமில்லை. ஒரே ஜன்னல், ஒரே நேரம், மாதம் ஒரு போட்டோ போதும்.

பகுச்சியால் வெயிலுக்குச் சிதையாது. ஆனால் நம் தோல் வெயிலுக்குக் கெடும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம் கழுத்துக்கு. இது இல்லாமல் எந்த சீரமும் தண்டம். மேட்டூர் திறந்து குறுவை நடவு ஓடும்போது வயலில் நிற்கிற பெண்களுக்கு அந்தச் சன்ஸ்கிரீன் ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு போய்விடும். அவர்கள் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, துண்டை நெற்றிவரை இழுத்துக் கட்டுகிறார்களே, அதுதான் நம்பகமானது. என்னைக் கேட்டால் ஆயிரம் ரூபாய் சீரத்தைவிட அந்தத் துண்டுக்குத்தான் மார்க் போடுவேன்.

வீட்டிலேயே கலக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: சுத்தமான பகுச்சியால் கெட்டியாக, தேன் நிறத்தில் வரும். எண்ணெயில்தான் கரையும். 20 கிராம் எண்ணெய்க்கு 0.1 கிராம் என்றால் 0.5 சதவீதம். சொட்டுக் கணக்கு வேண்டாம், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு வேண்டும். செக்கு நல்லெண்ணெய் நன்றாகவே ஒத்துழைக்கும், வாசனை பிடிக்காதவர்கள் ஸ்குவாலேன் என்ற வாசனையில்லாத எண்ணெயை வாங்கலாம். பரு வருகிற முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மற்ற செடிகளைப் பற்றியும் கேட்பார்கள். வாய்க்கால் ஓரத்தில் கிடக்கிற வல்லாரை நல்ல சரக்கு. எரிச்சலைத் தணிக்கும், தோல் ஆறுவதற்கு உதவும், பகுச்சியாலோடு சேர்ந்தும் போகும். அதிமதுரம் கருமைக்கு உதவும், சுருக்கத்துக்கு அல்ல. ரோஸ்ஹிப் எண்ணெயை நம் சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். கேரட்டை அரைத்து அப்புவதால் வைட்டமின் ஏ உள்ளே போகாது. முருங்கைக்கீரையையும் அகத்திக்கீரையையும் எண்ணெய் விட்டு வதக்கிச் சாப்பிடுங்கள், அதில் இருக்கிற பீட்டா கரோட்டினை உடம்பே வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் சொந்தமாக வாங்கி விழுங்காதீர்கள்.

மாசமாக இருக்கிறவர்கள் ரெட்டினாலை நிறுத்திவிட வேண்டும். பகுச்சியால் அவர்களுக்குப் பாதுகாப்பு என்று விளம்பரம் வருகிறது. கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதித்தது கிடையாது, அதனால் நான் கொடுப்பதில்லை. அதற்குப் பதில் அசெலாயிக் ஆசிட் என்ற பூசும் மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளை பெற்ற பிறகு கன்னத்தில் படர்கிற மங்குக்கும் இந்த சீரம் மட்டும் போதாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இப்போது போட்டுக்கொண்டிருக்கிற க்ரீம் அத்தனையையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், முக்கியமாகச் சீட்டு இல்லாமல் வாங்கிய சிவப்பழகு க்ரீமை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் டாக்டர் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.