கையெழுத்து வாங்காமல் ஒப்புதல் வாங்குவது எப்படி?

பெயர் கேட்காத சர்வேக்கு, ஆய்வில் கலந்துகொள்ளச் சம்மதம் என்று தரும் ஒப்புதல் படிவத்தில் மட்டும் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினால், பதில் சொன்னவர் யார் என்று காட்டிக்கொடுக்கிற ஒரே காகிதம் அதுதான். அதனால்தான் இந்த மாதிரி ஆய்வுகளில் கையெழுத்து வேண்டாம் என்று, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் பல நேரம் விலக்கு தருகின்றன. அந்தக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். விலக்கு கையெழுத்துக்குத்தான், ஒப்புதலுக்கு இல்லை.

ஆன்லைன் சர்வே என்றால் முதல் பக்கத்தில் கேள்வியே வேண்டாம். நடத்துவது யார், எதற்காக, எத்தனை நிமிடம் ஆகும், சங்கடப்படுத்தும் கேள்வி உண்டா, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று எளிய தமிழில் எழுதி, கீழே "படித்தேன், 18 வயது ஆகிவிட்டது, கலந்துகொள்ளச் சம்மதம்" என்று ஒரு பெட்டி. அதில் நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்ற வரியைப் பலரும் பழைய படிவத்திலிருந்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். பெயரே இல்லாதபோது எந்தப் பதிலைத் தேடி நீக்குவீர்கள்? "அனுப்பும் வரை விலகலாம், அனுப்பியபின் நீக்க முடியாது" என்பதுதான் உண்மை, அதையே எழுதுங்கள்.

அப்புறம், மின்னஞ்சலோ ஐபி முகவரியோ தானாகச் சேமிக்கப்படுகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் வயது, பாலினம், பதவி மூன்றையும் கேட்டால் பெயர் கேட்டதற்குச் சமம். பரிசுக்கூப்பன் தருவதாக இருந்தால் முகவரிக்குத் தனிப் படிவம் வையுங்கள்.

தொலைபேசிப் பேட்டியில் எண் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் அது அநாமதேயம் ஆகாது. "ரகசியமாக வைத்திருப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்தவுடன் ஆய்வின் தலைப்பை உளறாதீர்கள், போனை எடுத்தவர் வேறு ஆளாக இருக்கலாம், ஸ்பீக்கரில் இருக்கலாம். "இப்போது தனியாகப் பேச முடியுமா?" என்று கேட்டு, பிறகு எழுதி வைத்ததைத் துண்டு துண்டாக, நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். "ம்" என்பது சம்மதம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். "கலந்துகொள்ளச் சம்மதமா?", "பதிவு செய்யலாமா?" இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதற்கு வேண்டாம் என்றால் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள், பேட்டி நடக்கட்டும். சம்மதம் சொல்லும் பகுதியைத் தனி ஒலிக்கோப்பாக வைப்பது நல்லது, இல்லாவிட்டால் தேதி, நேரம், கேட்டவர் பெயரைக் குறித்து வையுங்கள். எண்களின் பட்டியலைப் பதில்களோடு ஒரே ஃபோல்டரில் போடாதீர்கள். அதை எப்போது அழிப்பீர்கள் என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.