வளைந்துகொடுக்கும் பரமானங்கள்: பிஎச்பி சார்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியலும் பனங்கட்டியும் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பும் இணையக் கடை ஒன்றுக்காக, விலையைக் கணிக்கும் சார்பொன்றை (குறித்த ஒரு வேலையைச் செய்யும் செய்நிரல் துண்டை) இணையத்தளங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சார்புக்குக் கொடுக்கும் பெறுமானங்களான பரமானங்களில் பொருளும் எண்ணிக்கையும் கட்டாயமானவை. நாணயம், கழிவு (தள்ளுபடி), அனுப்புகூலி ஆகியவை தேவைப்பட்டால் மட்டும் தரப்படுபவை.

விருப்பத்துக்குரியவை அனைத்தையும் ஒரே அணியில் (சாவி எனும் பெயரும் அதற்குரிய பெறுமானமும் கொண்ட பட்டியலில்) இட்டுச் சார்புக்குக் கொடுப்பதே பலருடைய வழக்கம். புதிய தெரிவு சேர்ந்தாலும் சார்பின் தலைவரியை (பரமானங்களை அறிவிக்கும் வரியை) மாற்றத் தேவையில்லை என்பதால் இது வசதியாகவே தோன்றும். ஆனால், சார்பை அழைப்பவர் ‘கழிவு’ என்ற சாவியைக் ‘களிவு’ என்று தட்டச்சிட்டுவிட்டால் பிஎச்பி எந்த வழுவையும் (பிழையையும்) காட்டாது. எதுவும் தராதபோது எடுக்கப்படும் இயல்புநிலைக் கழிவே கணக்கில் சேர்ந்து, வாடிக்கையாளர் முறையிடும்வரை எவருக்கும் தெரியாமல் கிடக்கும். (சாவிகளுக்கு மட்டுமன்றி மாறிகளுக்கும் பிஎச்பியில் தமிழிலேயே பெயரிடலாம்.) அணிதான் வேண்டுமென்றால், அறியாத சாவி வந்தவுடன் விதிவிலக்கை எறியும் (வழுவை அறிவித்து வேலையை இடைநிறுத்தும்) சோதனையைச் சார்பின் முதல் வரிகளிலேயே வைக்க வேண்டும்.

இயல்புநிலைப் பெறுமானங்களை இணைக்கும் இடம் இன்னும் வழுக்கலானது. இரண்டு அணிகளை + குறியால் இணைத்தால், இரண்டிலும் உள்ள சாவிக்கு இடப்பக்க அணியின் பெறுமானமே நிலைக்கும். அணிகளை இணைக்கும் ‘அரே_மெர்ஜ்’ (array_merge) சார்பிலோ, எழுத்தாலான சாவிகளுக்குப் பின்னால் வருவதே வெல்லும். வரிசையை மாற்றி எழுதினால், வாடிக்கையாளருக்கென்று கொடுத்த கழிவு காணாமற்போகும். அதேபோல், இடப்பக்கத்தில் பெறுமானம் இல்லையென்றால் வலப்பக்கத்தை எடுக்கும் ?: குறி 0 என்பதையும் இல்லாததாகவே கருதுவதால், ‘கழிவு 0’ என்று தெளிவாகச் சொன்னவருக்கும் இயல்புநிலைக் கழிவு கிடைத்துவிடும். இவ்விடத்தில் ?? குறியே பொருத்தமானது, அது சாவி இல்லாதபோதும், ‘நல்’ எனப்படும் வெற்றுப் பெறுமானம் வரும்போதும் மட்டுமே மாற்றுப் பெறுமானத்தை எடுக்கும்.

தலைவரியில் எழுதிய இயல்புநிலைப் பெறுமானமும் ‘நல்’ என்பதைக் கண்டு செயற்படுவதில்லை. பரமானத்தை விட்டுவிட்டால்தான் அது வரும். ‘நல்’ என்று கொடுத்தால், பரமானத்தின் வகை அதற்கு இடமளிக்குமிடத்து ‘நல்’ தான் உள்ளே போகும். கட்டாயப் பரமானத்துக்கு முன்னால் விருப்பப் பரமானத்தை வைப்பதும் வீண்வேலை, பொதுவாக 8.0 பதிப்பு முதல் பிஎச்பியே இதற்கு எச்சரிக்கை தருகிறது.

2020 இல் வெளிவந்த அந்த 8.0 பதிப்பில்தான் அழைக்கும்போது பரமானத்தின் பெயரையும் சேர்த்து எழுதும் பெயரிட்ட பரமானங்களும் அறிமுகமாயின. என் கருத்தில், இன்று எழுதும் சார்புகளில் தெரிவு அணிக்குப் பதிலாக இவற்றையே நாட வேண்டும்: தவறான பெயர் உடனே வழுவாகும், ‘ஆம், இல்லை, ஆம்’ என்று மூன்று பூலியன்கள் வரிசையாக நிற்கும் அழைப்பும் வாசிக்கக்கூடியதாக மாறும். எனினும், பிறர் பெயரிட்டு அழைக்கத் தொடங்கியபின் பரமானத்தின் பெயரை மாற்றினால் அவர்களுடைய செய்நிரல் உடையும் என்பதால், முதல் வெளியீட்டுக்கு முன்னரே பெயர்களைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் சேவையகத்தில் 7.4 பதிப்பு இன்னும் ஓடுகிறதென்றால், இத்தகைய அழைப்பு தொடரியல் வழுவாகவே முடியும். அங்கே சோதனையோடு கூடிய அணியே வழி.