மாத்திரை அட்டையிலிருந்து தலைமைச் செயலகம் வரை: அரசின் முடிவுகளைத் தடம் பிடிக்கும் வழி

ஆட்சித் தலைமை எடுக்கும் முடிவு பொதுச் சுகாதாரத்தை எவ்வாறு மாற்றுகிறது என்று அறிய விரும்புவோர், தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்திலோ கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரி ஒன்றியத்திலோ உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து வழங்கும் சன்னலிலிருந்து தொடங்கலாம். ஓ.பி. சீட்டை நீட்டிச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வாங்கியதும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் “விற்பனைக்கு அல்ல, அரசு வழங்கல்” என்ற அச்சு இருக்கும். அதன் பின்னால் இருப்பது 1994-இல் எடுத்த ஒரு முடிவு. அந்த ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு நிலையமும் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள், வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு பாஸ்புக்கைக் காட்டிக் கிடங்கிலிருந்து மருந்தை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு ஆட்சி பலமுறை மாறியும் இந்த ஏற்பாட்டை யாரும் கலைக்கவில்லை என்பதையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

மருந்து இல்லை என்ற பதில் வந்தால் உடனே அமைச்சரைக் குறைகூற வேண்டியதில்லை. நிலையம் உரிய நேரத்தில் தேவைப் பட்டியல் அனுப்பியதா, கிடங்கில் இருப்பு இருந்ததா, கழகம் அந்த மருந்துக்கு ஒப்பந்தம் முடித்திருந்ததா என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். முதல் கேள்விக்கு நிலையத்தின் மருத்துவ அலுவலரும், இரண்டாவதற்கு மாவட்டமும் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது மட்டுமே சென்னை வரை போகும். யாரிடம் எதைக் கேட்பது என்பதில் இந்தத் தெளிவு இல்லாமல் எழுதும் புகார் எந்த மேசையிலும் நிற்காது.

அதிகாரப் பங்கீடும் தெரிந்திருக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒன்றிய அரசு தேசிய சுகாதார இயக்கம் போன்ற திட்டங்களின் வழியே நிதியில் பங்கு தருகிறது. குடிநீரும் கழிவுநீர்க் கால்வாயும் உள்ளாட்சியின் பொறுப்பு.

பணத்தைப் பார்க்க, துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்படும் மானியக் கோரிக்கை எண் 19-ஐ எடுங்கள். மக்கள் நல்வாழ்வுத் துறைக்குரியது அது. அறிவிப்பன்று நாளிதழில் வரும் வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டோடு நிற்காமல், அடுத்த ஆண்டு வெளியாகும் திருத்த மதிப்பீட்டையும், அதற்கும் பிறகு வரும் உண்மைச் செலவையும் அதே தலைப்பில் ஒப்பிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் தலைமையின் முன்னுரிமை தெரியும்.

ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களில் சுகாதாரத்தின் கதை மருத்துவமனையைவிடத் தண்ணீரில்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல ஆண்டுகள் அந்நீரைக் குடித்தால் முழங்காலும் முதுகும் இறுகிவிடும். இதற்கு மாத்திரை கிடையாது, நீரை மாற்றுவது மட்டுமே வழி. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் கருணாநிதி ஆட்சியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியோடு வேலை நடந்து, 2013-இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. ஒருவர் தொடங்கியதை எதிர்க்கட்சியிலிருந்து வந்தவர் முடித்தார். பெயர்ப்பலகைச் சண்டையை விட்டுவிட்டால் இது நல்ல செய்தியே.

இங்கு நீங்கள் செய்ய வேண்டியது எளிது. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம், தொட்டியில் ஏறுவது காவிரி நீர் மட்டுமா, போர் தண்ணீரும் கலக்கப்படுகிறதா, வாரத்தில் எத்தனை நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அந்நீர் குடிக்கத் தகுதியற்றது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்கலாம். குழாய் போட்ட தலைமை ஒன்று, கலக்காமல் விடச் செய்யும் நிர்வாகம் வேறொன்று. இரண்டாவது தவறினால் முதலாவதன் பயன் பாதியாகிவிடும்.

புதிய திட்டங்களை மதிப்பிடவும் இதே முறை உதவும். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினால் தொடங்கப்பட்டது. தொடக்க விழாவின் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், உங்கள் தெருவில் இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் பத்து முதியவர்களிடம், தன்னார்வலர் அம்மா கடைசியாக எப்போது வந்தார், எத்தனை நாளுக்கு மாத்திரை கொடுத்தார், அழுத்தத்தை அளந்தாரா என்று கேளுங்கள். பத்துப் பேரில் நால்வர் கையிருப்பு தீர்ந்து தனியார் கடையில் வாங்குகிறார்கள் என்றால், அது எழுத வேண்டிய செய்தி.

திரட்டியதைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. தண்ணீர் பற்றிய கேள்விக்கு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 பொருத்தமானது. “சுகாதார நிலையம் சரியில்லை” என்று பொதுவாகப் பேசினால் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. எந்த மருந்து, எந்தத் தேதி முதல், எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஏறும். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள்; பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் கருத்து எதுவும் எழுதாமல், இருப்புப் பதிவேட்டின் குறிப்பிட்ட மாதத்துப் பக்கங்களின் நகலை மட்டும் கேளுங்கள்.