தண்டவாளம் பொருந்தினால் போதாது: மாடல் ரயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து இரண்டு தம்பிகள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பட்டாலையில் பாயை விரித்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் ஒன்று, ஜெர்மன் பயணிகள் பெட்டி இரண்டு, ஓர் அமெரிக்க சரக்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டேஷன். "எல்லாமே ஒரே தண்டவாளத்துல ஓடுது அண்ணே" என்றான் மூத்தவன், முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சக்கரத்தைத் துடைக்காமல் ஓட்டுவது, ஒயரை மாற்றிக் கொடுப்பது இதெல்லாம் ஒரு மாதத்தில் தானாகப் புரிந்துவிடும். பணத்தையும் வருடங்களையும் தின்னும் தவறுகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கேஜைப் பார்த்து ஸ்கேலை நம்புவது

கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஸ்கேல் என்றால் நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு. இரண்டும் வேறு வேறு. ஹெச்ஓ (HO) என்ற ஸ்கேல் 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ்காரர்களின் ஓஓ (OO) என்பது 1:76. ஆனால் இரண்டுமே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும். பிரிட்டனின் நிஜ இன்ஜின்களே உருவத்தில் சின்னவை. அவற்றை 1:87-க்குச் சுருக்கியபோது அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டு தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சமரசத்துக்கான விலையை இன்றைக்கும் நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் எனக்குக் கிடைத்தது, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் கொடுத்த ஓஓ செட். அப்புறம் ஹெச்ஓ ஜெர்மன் பெட்டிகள் மேல் ஆசை வந்தது. விற்றவரிடம் கேட்டேன், "ரெண்டும் ஒண்ணுதான் சார், ஒரே டிராக்" என்றார். இரண்டு வருடச் சேமிப்பை அதில் போட்டேன். ஸ்டேஷன், சிக்னல் கேபின், மனித உருவங்கள் எல்லாம் ஓஓ-வில் வாங்கி, எட்டடிப் பலகையில் பசை போட்டு ஒட்டியும் முடித்துவிட்டேன். கடைசியாக ஜெர்மன் பெட்டியை பிளாட்பாரத்தில் நிறுத்தி, கதவுக்கு எதிரே ஒரு பயணியை வைத்தேன். அவர் உயரம் 22 மி.மீ. கதவின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். தொப்பி கதவு நிலையில் இடிக்கிற மாதிரி நின்றார். குனிந்து கண்ணை பிளாட்பார மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால், பெட்டிக்கும் பிளாட்பார விளிம்புக்கும் நடுவே அவர் கால் முழுசாக விழுகிற அளவுக்கு இடைவெளி. ஓஓ பெட்டியின் அகலத்துக்காக வெட்டிய விளிம்பு அது. நீளத்தில் 14 சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். கன அளவில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வருகிறது. கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

பலகையைப் பிரித்தபோது ஸ்டேஷன் பாதி உடைந்தே வந்தது. இன்றும் சில பெட்டிகளில் "ஹெச்ஓ/ஓஓ" என்று சேர்த்து அச்சடித்து விற்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது. மரத்துக்கும் புதருக்கும் அப்படிப் போடலாம், எந்த மரமும் எந்த உயரமும் இருக்கும். மனிதனுக்கும் கதவுக்கும் போடக்கூடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் எப்போதாவது பழைய ரயில் கண்ணில் படும். அங்கே போனால் பையில் ஓர் இரும்பு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் கதவையும் மனித உருவத்தையும் அளந்து பாருங்கள், தண்டவாளத்தை மட்டும் அளக்காதீர்கள். நின்றபடி இருக்கும் ஆள் 20 மி.மீ.க்குள் இருந்தால் ஹெச்ஓ, 22, 23 வந்தால் ஓஓ. 'என்' (N) என்ற இன்னும் சின்ன ஸ்கேலிலும் இதே தலைவலி உண்டு. தண்டவாளம் எல்லாருக்கும் 9 மி.மீ.தான். ஆனால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1:160, பிரிட்டன் 1:148, ஜப்பான் பெரும்பாலும் 1:150, அதிலும் ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் மட்டும் 1:160.

இந்திய வண்டி என்றால் சிக்கல் இன்னும் கூடும். நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேலே வரும், 16.5-இல் நிறுத்தினால் வண்டி ஒடுங்கிய காலில் நிற்கும். தெரிந்தே செய்தால் சரி, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் காரைக்குடி, செட்டிநாடு ஸ்டேஷன்களின் பழைய மீட்டர்கேஜ் காலத்தைச் செய்ய ஆசைப்பட்டால் நமக்கு யோகம். 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5, கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் அப்படியே உதவும்.

எந்த நாடு என்று முடிவு செய்யாமல் வாங்குவது

பெட்டியின் முனையில் இடியைத் தாங்கும் பஃபரைப் பாருங்கள். ஐரோப்பியப் பெட்டியில் இரண்டு பக்கமும் பஃபர் உண்டு. அமெரிக்கப் பெட்டியில் அது கிடையாது, நடுவில் பெட்டிகளை இணைக்கும், கைவிரல் மடக்கிய மாதிரி ஒரு கப்ளிங் மட்டும். நம் மீட்டர்கேஜ் பெட்டியில் நடுவில் ஒரே ஒரு பஃபர்தான். ஐரோப்பியப் பெட்டி ஒன்றுக்குச் சிவப்புச் சாயம் பூசி, 'எங்க ஊர் பாசஞ்சர்' என்று எனக்குப் படம் அனுப்பி வைக்கிறார்கள். அந்த வண்டியில் ஏறி இறங்கியவர்களுக்கு ஒரு பார்வை போதும். முதலில் நாடு, அப்புறம் காலம், அப்புறம்தான் இன்ஜின்.

மூன்று தண்டவாள வண்டியை இரண்டில் வைப்பது

ஜெர்மன் கம்பெனியான மார்க்லினின் பழைய ஹெச்ஓ வண்டிகள், மூன்றாவது தண்டவாளம் போல நடுவில் உள்ள புள்ளிகளிலிருந்து மின்சாரம் எடுப்பவை. சக்கரங்களுக்கு நடுவே இன்சுலேஷன் இருக்காது. சாதாரண இரண்டு தண்டவாளத்தில் வைத்த நொடியே ஷார்ட்.

வெளிநாட்டு டிரான்ஸ்பார்மரை அப்படியே செருகுவது

அமெரிக்காவுடையது 120 வோல்ட், ஜப்பானுடையது 100. நம் வீட்டில் வருவது 230. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் பிளக் பக்கம் போகாதீர்கள். பழைய துணி ஒயர் என்றால் வோல்ட் சரியாக இருந்தாலும் வேண்டாம். மர உத்தரமும் மரத்தூணுமாக இருக்கிற வீடுகள் நம்முடையவை.

வளைவை இறுக்குவது

இடம் இல்லை என்று 36 செ.மீ. ஆர வளைவைப் போட்டுவிட்டு, நீளமான பெட்டியை ஓட்டுவார்கள். சென்னை ரயில்பெட்டித் தொழிற்சாலையின் நிஜ ஐசிஎஃப் பெட்டி (பழைய வகை) 21 மீட்டர் சொச்சம், ஹெச்ஓ-வில் சுமார் 24.5 செ.மீ. அது அந்த வளைவில் திரும்பும்போது நடு உடல் உள்பக்கம் ஒதுங்கும், முனை வெளியே நீட்டும், பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் வண்டியை இடிக்கும். சின்ன டேங்க் இன்ஜினும் குட்டிச் சரக்குப் பெட்டிகளும் என்றால் அதே வளைவு அழகாக இருக்கும். இடம் குறைவென்றால் வண்டியைக் குறையுங்கள்.

பழைய தகர ரயிலுக்குப் புதுப் பெயின்ட்

பூசாதீர்கள். உரிந்திருந்தாலும் அசல் பெயின்டுக்குத்தான் மதிப்பு.

தேங்காய் எண்ணெய்

கியரில் பிசின் மாதிரி இறுகிவிடும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய மெஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு.