ஸ்னோமொபைல் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? சஸ்பென்ஷனில் பலரும் செய்யும் தவறுகள்

"வண்டி கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, உடனே ஸ்பேனரை எடுத்துப் பின் ஸ்பிரிங்கைத் தளர்த்துவார்கள். பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் சஸ்பென்ஷன் விஷயத்தில் பெரும்பாலான கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதுகில் இடி விழுந்தால் ஸ்பிரிங் கடினம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஸ்பிரிங் மிகவும் இளகலாக இருந்து, சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கி அடியில் மோதினாலும் இதே இடிதான் விழும். துருவிலும் பனிக்கட்டியிலும் இறுகி அசையாமல் நின்றாலும் அப்படியே. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். அடியில் மோதுகிற வண்டியில் ஸ்பிரிங்கை இன்னும் தளர்த்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கண்டுபிடிக்க ஒரு கேபிள் டை போதும். ஷாக்கின் (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) பளபளப்பான தண்டில் டையைச் சுற்றிக் கட்டி, ஷாக் உடம்போடு ஒட்டினாற்போலத் தள்ளி வையுங்கள். வழக்கமாக ஓட்டும் மேடுபள்ளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். டை தண்டின் கடைசி வரை போயிருந்தால் வண்டி அடியில் மோதுகிறது. பாதியில் நின்றிருந்தால்தான் கடினம் அல்லது இறுக்கம் என்று சந்தேகிக்கலாம். பின்பக்க ஷாக்குகள், வண்டியை ஓட்டும் ரப்பர் பெல்ட்டான ட்ராக்குக்குள் இருப்பதால் பனி அடைந்து டையை நகர்த்திவிடும். அதனால் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது நல்லது.

அடுத்தது சேக். ஆள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு இது. இதை அளக்காமலே ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கத்தை, திருகுகிறவர்கள்தான் அதிகம். பின் பம்பரைப் பிடித்து, சஸ்பென்ஷன் முழுதாக நீளும் வரை தூக்குங்கள்; ட்ராக் தரையைத் தொட்டபடி இருக்கட்டும். தரையிலிருந்து பம்பர் வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவை அமுக்கி எழும்பிவிட்டு அசையாமல் இருக்க, இன்னொருவர் மறுபடி அளக்க வேண்டும். சமப்படுத்திய பனிப்பாதையில் ஓட்டும் ட்ரெயில் வண்டிகளில் இந்த வித்தியாசம் பொதுவாக மூன்று நான்கு அங்குலம் வரும். சரியான அளவு உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் ப்ரீலோடு அதிகம். வீட்டு உடுப்போடு அளக்காதீர்கள். ஹெல்மெட், பூட்ஸ், குளிர் உடுப்பு எல்லாம் சேர்ந்தால் சுலபமாக ஏழெட்டு கிலோ கூடும்.

ப்ரீலோடைக் குறைத்தால் ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும்; ஸ்பிரிங்கின் பலம் அதேதான். இருவர் உட்காரும் டூரிங் வண்டியைத் தனியாக ஓட்டுகிறவர்களும், கனமான ஆளிடம் பழைய வண்டி வாங்கிய ஒல்லியானவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ப்ரீலோடைப் படிப்படியாக மாற்றும் கேமைக் கடைசிப் படிக்கு இறக்கியும் சேக் வரவில்லை என்றால், உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை வாங்கி மாட்டுவதுதான் வழி. முறுக்கத்தால் வேலை செய்யும் டார்ஷன் ஸ்பிரிங்கில் இடது வேறு, வலது வேறு. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இரண்டு கேமும் ஒரே படியில் இருக்க வேண்டும். கேமைத் திருப்ப வண்டியோடு வந்த கருவியை எடுங்கள். பிளையரால் நெம்பப் போய் ஸ்பிரிங் எகிறினால் விரல் போய்விடும்.

ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகம், அதில் வரும் கோளாறைப் பலர் புரிந்துகொள்வதே இல்லை. வரிசையாக வரும் சின்ன மேடுகளில் முதல் இரண்டு சுகமாகப் போகும். மூன்றாவது நான்காவதில் திடீரென்று இடிக்கும். ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் நீண்டு முடிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் அசைவு குறைந்துகொண்டே போகிறது. இதற்குக் கம்ப்ரெஷனை, அதாவது ஷாக் அமுங்குவதற்கான தடையை, குறைத்துப் பயனில்லை. ஷாக்கில் இருக்கும் சின்னத் திருகான ரீபவுண்ட் கிளிக்கரை ஒன்றிரண்டு கிளிக் திறந்தாலே வித்தியாசம் தெரியும். அளவுக்கு மேல் திறந்தால் பின்பக்கம் உதைத்து ஆளைத் தூக்கும். எதைத் தொட்டாலும் முழுதாக மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்று எழுதி வையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ப்ரீலோடு, கம்ப்ரெஷன், ரீபவுண்ட் மூன்றையும் ஒரே நாளில் திருகிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் யார் சொல்வது?

திருப்பத்தில் முன்னால் இருக்கும் ஸ்கீ பிடிக்கவில்லை என்று, பின் சஸ்பென்ஷனின் முன்பகுதி நீள்வதைக் கட்டுப்படுத்தும் பட்டையான லிமிட்டர் ஸ்ட்ராப்பை இழுத்துக் கட்டும் பழக்கமும் உண்டு. பிடிப்பு கிடைக்கும், உண்மைதான். ஆனால் எடை முன்னால் போய்விடும், ட்ராக்குக்குள் இருக்கும் சஸ்பென்ஷனின் முன் கை (ஆர்ம்) அசையும் தூரமும் குறையும். அப்புறம் ஹேண்டில்பார் வழியாக இடி மணிக்கட்டுக்கு வரும்.

பழைய வண்டி என்றால் நான் ஸ்பிரிங்கையும் கிளிக்கரையும் விட்டுவிட்டு முதலில் கிரீஸ் கன்னைத்தான் எடுக்கச் சொல்வேன். ட்ராக்குக்குள் இருக்கும் கைகள் சுழலும் தண்டுகள் சீசன் முழுக்கப் பனியிலும் தண்ணீரிலும் ஊறுகின்றன. கிரீஸ் வற்றி, புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே துரு ஏறினால், உலகத்திலேயே விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் அது அசையாது. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, பாரம் இறங்கிய நிலையில் கிரீஸ் அடியுங்கள். பாரத்தோடு அடித்தால் ஒரு பக்கம் போகாது. உள்ளே இருந்து கறுப்புக் கிரீஸும் தண்ணீரும் வெளியே பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ட்ராக்கை மிகையாக இறுக்குவதும் சஸ்பென்ஷனின் அசைவைக் கட்டிப்போடும், ட்ராக் வழுக்கி ஓடும் ரெயிலின் பிளாஸ்டிக்கையும் வீல் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும்.

குளிரின் கணக்கே தனி. மைனஸ் 30 டிகிரியில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியில் ஷாக் எண்ணெய் தடித்திருக்கும், கைகளுக்கு இடையே பனி கெட்டியாக உறைந்திருக்கும். முதல் சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். காற்று ஷாக்கில் இன்னொரு சங்கதி: 20 டிகிரி இருக்கும் கராஜில் 70 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மைனஸ் 20 டிகிரியில் இறங்கினால் அது 60-க்கும் கீழே போய்விடும். வண்டி அடியில் மோதும், நீங்கள் கடினம் என்று நினைப்பீர்கள். வெளியே வண்டி ஆறிய பிறகே அளந்து அடியுங்கள், அதுவும் ஷாக்குக்கான சின்ன பம்பால்தான். டயர் கம்ப்ரஸர் வேண்டாம்.

பாதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் ஸ்னோமொபைல் கிளப் ஆட்கள் ராத்திரியில் க்ரூமர் ஓட்டிச் சமப்படுத்திய ட்ரெயில், வண்டிகள் முடுக்கியும் பிரேக் அடித்தும் போய்ப் போய்ச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மேடுமேடாகிவிடும். அதில் எந்த செட்டப்பும் பஞ்சு மெத்தை ஆகாது. காலை ஏழு மணிக்குக் கிளம்புவது ஷாக் வாங்குவதைவிட மலிவு.

சேக் சரி, தண்டுகள் எல்லாம் லகுவாகச் சுற்றுகின்றன, டை பாதியிலேயே நிற்கிறது, கிளிக்கரைத் திறந்தும் பலனில்லை என்றால் ஷாக்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகலாம். தண்டு வளைந்திருக்கலாம், அல்லது வால்வு அமைப்பே உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தோடு இருப்பதால் வீட்டில் திறக்காதீர்கள். உங்கள் எடை, தனியாக ஓட்டுகிறீர்களா, எந்த மாதிரிப் பாதை, இப்போது எத்தனை கிளிக் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஷாக்கோடு கொடுங்கள். இது தெரியாவிட்டால் மெக்கானிக் கம்பெனி அளவுக்கே கட்டித் திருப்பித் தந்துவிடுவார்.