வேகமான டிஸ்க் வாங்குவதற்கு முன் ஸ்லொட்டைப் பாருங்கள்

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி புதிதாகப் பூட்டிய டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, எம்.2 போட்டிருக்கிறன். டிஸ்க் காட்டுதில்லை." கழற்றிப் பார்த்தேன். லேபிளில் சாட்டா என்று இருந்தது, டிஸ்க் கணினியோடு பேசும் பழைய முறை அது. அவனுடைய போர்டில் இருந்த ஸ்லொட், அதைவிட வேகமான புதிய முறையான என்விஎம்இ-க்கு மட்டும்.

எம்.2 என்பது போர்டில் நேரே பூட்டும் மெல்லிய பட்டை வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. சாட்டா எந்த உருவத்தில் வந்தாலும் செக்கனுக்கு 550 மெகாபைட் அளவில் நின்றுவிடும். என்விஎம்இ ஓடுவது பிசிஐஇ என்ற பாதையில்; அதன் 3.0 தலைமுறையில் டிஸ்க் நல்லதாக இருந்தால் 3,500 வரை போகும், 4.0 என்றால் 7,000ஐயும் தொடும். பொன் நிறப் பற்களில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் இரண்டு வெட்டோடு வரும் என்விஎம்இ-யும் உண்டு. ஆகவே மதர்போர்ட் கையேட்டைத் திறந்து, அந்த ஸ்லொட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கலாம்: எம்.2 பூட்டினால் சில சாட்டா போர்ட்கள் வேலை செய்யாது. பழைய ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பதறுகிற சிலருக்கு, வயரை அடுத்த போர்ட்டுக்கு மாற்றினாலே போதும்.

3.0 போர்டில் 4.0 டிஸ்க் போடலாம். ஓடும், 3.0 வேகத்தில். காசு மட்டும் 4.0 விலைக்குப் போகும்.

பெட்டியில் அச்சடித்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். கலியாண வீடியோ எடுப்பவர் 200 ஜிகாபைட்டை ஒரே மூச்சில் கொப்பி பண்ணுவார். ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் மலிவான கியூஎல்சி டிஸ்க்கில் முதல் கொஞ்ச நேரம் பறக்கும். எழுதுவதை முதலில் வாங்கி வைக்கும் வேகமான கேஷ் பகுதி நிரம்பியதும் சாதாரண ஹார்ட் டிஸ்க் அளவுக்கே விழுவதும் உண்டு. டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்தக் கேஷும் சுருங்கும். எடிட்டிங் செய்பவர்கள், ஒரு செல்லில் மூன்று பிட் மட்டும் வைக்கும் டிஎல்சி என்று கேட்டு வாங்குங்கள். கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் என்றால் சாட்டா எஸ்எஸ்டி-யே தாராளம். சுழலும் டிஸ்க்கில் இருந்து அதற்கு மாறும்போது தெரிகிற வித்தியாசம், அதிலிருந்து என்விஎம்இ-க்குப் போகும்போது தெரியாது.

சேமிப்புக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் எடுப்பவர்கள் நிமிடத்துக்கு 7,200 சுழற்சியைப் பார்ப்பதோடு, எஸ்எம்ஆர் வகையா என்றும் விசாரியுங்கள். தடங்களை ஓடு அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதுவதால், அழித்து அழித்து எழுதும் வேலைக்கு அது இழுபறிதான்.

தம்பியின் டிஸ்க் வீண்போகவில்லை. யுஎஸ்பி உறையில் போட்டுப் பாவிக்கச் சொன்னேன். அடுத்த நாள் உறையோடு வந்தான். அதுவும் என்விஎம்இ-க்கு மட்டுமானது.